மின்னணுச் சேமிப்பகத்தில் மிகைமையும் பிழைதிருத்தமும்: கோப்பு முறைமை வடிவமைப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஓலைச்சுவடிகளும் அரிய அச்சு நூல்களும் மின்னணு வடிவம் பெற்றுவரும் இக்காலத்தில், அம்மின்படிகள் சிதையாமல் நிலைப்பதற்குச் சேமிப்பகத்தின் உள்ளமைப்பு அடிப்படையாகிறது. ஒரு கோப்பிற்குப் பல படிகள் வைத்திருப்பதே பாதுகாப்பு என்னும் கருத்து பரவலாக உள்ளது. படிகளின் மிகுதி இழப்பை ஈடுசெய்யுமே அன்றிப் பிழையைத் தானாகத் திருத்தாது என்பதையும், பிழையை இழப்பாக மாற்றிக்காட்டும் சான்று தரவிலிருந்து விலகிய இடத்தில் இருத்தல் வேண்டும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஹேமிங், ரீட்–சாலமன் குறிமுறைகள், ரெய்டு வட்டு வரிசை, இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமை ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தமிழ் எழுத்துகளின் யூனிகோடு அமைப்பில் ஒரு பிட் மாறினால் விளையும் பாட மாற்றமும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மிகைமை, பிழைதிருத்தக் குறிமுறை, சரிபார்ப்புத்தொகை, சமநிலை பிட், கோப்பு முறைமை, பாட வேறுபாடு.

முன்னுரை

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை வகுக்கும் நன்னூல், குன்றக் கூறலை ஒரு குற்றமாகக் கொள்வதுபோலவே மிகைபடக் கூறலையும் கூறியது கூறலையும் குற்றங்களாகவே கொள்கிறது. கருத்தைச் சொல்லும் நெறியில் இது பொருந்தும். கருத்தைக் காக்கும் நெறியோ இதற்கு மாறானது. ஒரே இடத்தில் ஒரே படியாக இருந்த பனுவல் தீயாலோ செல்லாலோ அழிந்துவிட்டால் அதனை மீட்க வழியில்லை. 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது வேறெங்கும் படி இல்லாத ஆவணங்களும் அழிந்தன. காப்பதற்கு மிகை வேண்டும் என்பது ஐயத்திற்கு இடமற்றது. அந்த மிகை எத்தகையதாக இருக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா.

தரவைக் குறிக்கத் தேவையான அளவுக்கு மேல் சேர்க்கப்படும் கூறுகளே ஈண்டு மிகைமை எனப்படுகின்றன. முழுப்படி எடுத்தல் அதன் எளிய வடிவம். கணக்கிட்டுச் சேர்க்கப்படும் குறிமுறை அதன் நுட்ப வடிவம்.

1. இழப்பும் பிழையும்

இயற்கை மொழி தன்னளவிலேயே மிகைமை உடையது. 1948-இல் வெளியான தம் ஆய்வுரையில் கிளாட் ஷானன், ஏறத்தாழ எட்டு எழுத்துத் தொலைவுக்குள் அமையும் புள்ளியியல் ஒழுங்கை மட்டும் கருதினாலே ஆங்கில எழுத்துமொழியின் மிகைமை சுமார் 50 விழுக்காடு என மதிப்பிட்டார். தமிழில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபு இதற்கு எளிய எடுத்துக்காட்டாகும். ‘அவள் வந்தாள்’ என்னும் தொடரில் பெண்பால் எழுவாயிலும் வினைமுற்று விகுதியிலுமாக இருமுறை உணர்த்தப்படுகிறது.

இத்தொடர் ஏட்டில் இருவகையாகக் கெடக்கூடும். எழுவாயின் இறுதி எழுத்து பூச்சியால் அரிக்கப்பட்டு ‘அவ… வந்தாள்’ என நின்றால், வினைமுற்றைக் கொண்டு விடுபட்ட எழுத்தை மீட்கலாம். ‘அவன் வந்தாள்’ என எழுதப்பட்டிருந்தால் நிலை வேறு. பிழை உள்ளது என்பது தெரிகிறது. ‘அவன்’ பிழையா ‘வந்தாள்’ பிழையா என்பது தெரியவில்லை. இரண்டு தொடர்களிலும் உள்ள மிகைமையின் அளவு ஒன்றே. முன்னதில் கெட்ட இடம் தெரிந்தது, பின்னதில் தெரியவில்லை. இடம் தெரிந்த கேட்டை ‘இழப்பு’ என்றும் இடம் தெரியாத கேட்டைப் ‘பிழை’ என்றும் குறிமுறைக் கோட்பாடு பிரித்துக் காண்கிறது. சேமிப்பக வடிவமைப்பின் நுட்பங்கள் பலவும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

2. குறிமுறைகளின் தோற்றமும் திறனும்

பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஹேமிங், பிழை நேர்ந்ததும் நின்றுவிடும் கணிப்பொறியோடு 1940-களின் பிற்பகுதியில் பழகியவர். பிழை நேர்ந்ததை அறியும் பொறி அது நேர்ந்த இடத்தையும் ஏன் அறியக்கூடாது என்னும் வினாவே அவரைப் பிழைதிருத்தக் குறிமுறைக்கு இட்டுச்சென்றது. 1950-இல் அவர் வெளியிட்ட முறையில் நான்கு தரவு பிட்டுகளுக்கு மூன்று சமநிலை பிட்டுகள் சேர்கின்றன. தான் காக்கும் குழுவிலுள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக அமையுமாறு வைக்கப்படும் பிட்டே சமநிலை பிட் ஆகும்.

1011 என்னும் தரவை எடுத்துக்கொள்வோம். 1, 2, 4 ஆகிய இடங்களைச் சமநிலை பிட்டுகளுக்கு விட்டுத் தரவை 3, 5, 6, 7 ஆகிய இடங்களில் வைத்தால் 0110011 என்னும் குறிச்சொல் கிடைக்கும். முதற்குழு 1, 3, 5, 7 ஆகிய இடங்களையும், இரண்டாம் குழு 2, 3, 6, 7 ஆகிய இடங்களையும், மூன்றாம் குழு 4, 5, 6, 7 ஆகிய இடங்களையும் காக்கின்றன. ஆறாம் இடம் கெட்டு 0110001 ஆயின், முதற்குழு சரியாக நிற்க, மற்ற இரண்டும் பிறழும். பிறழ்ந்த குழுக்களுக்கு உரிய சமநிலை பிட்டுகளின் இட எண்கள் 2, 4. இவற்றின் கூட்டுத்தொகை 6. பிழையின் இடம் கணக்கிலிருந்தே வெளிப்படுகிறது. இரண்டு பிட்டுகள் கெட்டால் இம்முறை தவறான இடத்தைக் காட்டிவிடும் என்பது இதன் எல்லை.

1960-இல் இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் ஆகியோர் வெளியிட்ட குறிமுறை, தனிப் பிட்டுகளைவிடப் பல பிட்டுகள் சேர்ந்த குறியீடுகளை அலகாகக் கொண்டது. குறுந்தகடு முதல் க்யூ.ஆர். குறி வரை இது பயன்படுகிறது. இதன் கருத்தை நேர்கோட்டின் வழி விளக்கலாம். 3, 5 என்னும் இரண்டு எண்களைக் காக்கவேண்டும் எனக் கொள்வோம். அவற்றை முதலிரு புள்ளிகளாகக் கொண்ட நேர்கோட்டை நீட்டினால் அடுத்த இரு புள்ளிகள் 7, 9 ஆகும். 3, 5, 7, 9 என்னும் நான்கில் எந்த இரண்டு தொலைந்தாலும் எஞ்சிய இரண்டைக் கொண்டு கோட்டை மீண்டும் வரையலாம். ஏதும் தொலையாமல் 7 மட்டும் 8 எனத் திரிந்தால், மற்ற மூன்றும் ஒரே கோட்டில் நிற்பதால் 8 பிழையென அறியலாம். இரண்டு திரிந்தாலோ எது மெய்யான கோடு என்று முடிவு செய்ய இயலாது.

ஒரே அளவு மிகைமை, இடம் தெரிந்தால் இரண்டு கேடுகளையும் இடம் தெரியாவிட்டால் ஒரு கேட்டையும் மட்டுமே தாங்குகிறது. பத்துத் தரவுத் துண்டுகளுக்கு நான்கு காப்புத் துண்டுகள் சேர்க்கும் ரீட்–சாலமன் முறையும் நான்கு இழப்புகளையோ இரண்டு பிழைகளையோதான் தாங்கும். கெட்ட இடத்தைச் சுட்டிக்காட்டும் சான்று ஒன்று கிடைத்தால் மிகைமையின் ஆற்றல் இருமடங்காகிறது எனலாம்.

3. வட்டு வரிசையும் அதன் எல்லையும்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட ஆய்வுரை, மலிவான சிறு வட்டுகளை மிகைமையோடு அடுக்கி ஒரு பெரிய சேமிப்பகமாக ஆளும் ‘ரெய்டு’ முறையை ஐந்து நிலைகளாக வகுத்தது. முதல் நிலை முழுப்படி எடுத்தல். ஐந்தாம் நிலையில் ஒரு வட்டளவு சமநிலைத் தரவு எல்லா வட்டுகளிலும் பகிர்ந்து வைக்கப்படுகிறது.

ஒரு வட்டில் 10110000 என்றும் மற்றொன்றில் 10110010 என்றும் இருப்பின், ஒத்த பிட்டுகளுக்கு 0, ஒவ்வாதவற்றுக்கு 1 என இட்டுச் சமநிலை வட்டில் 00000010 எழுதப்படும். முதல் வட்டு பழுதாகி நின்றால், மற்ற இரண்டையும் அவ்வாறே ஒப்பிட்டு 10110000 என்பதை மீட்கலாம். வட்டு பழுதானது என்பது அமைப்புக்குத் தெரியும் என்பதே இம்மீட்பின் அடிப்படை. வட்டு பழுதாகாமல், தவறான தரவைச் சரியான தரவுபோலத் தந்தால் கணக்கு பொருந்தாமை மட்டுமே புலப்படும். மூன்றில் எது பொய் என்பது புலப்படாது. ‘அவன் வந்தாள்’ என்னும் தொடரின் நிலை இதுவே. இரண்டு வட்டுகளில் முழுப்படி இருந்து அவை வேறுபடும்போதும் இச்சிக்கலே எழும். மேலும், இயல்பான வாசிப்பில் இவ்வமைப்புகள் பொதுவாகச் சமநிலையை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

4. அறிவிப்பின்றி நேரும் சிதைவு

வட்டு பொய் சொல்வது அரிய நிகழ்ச்சி என ஒதுக்க இயலாது. லட்சுமி பைரவசுந்தரமும் பிறரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு 15.3 லட்சம் வட்டுகளை 41 மாதங்கள் நோக்கி, நான்கு லட்சத்திற்கும் மேற்பட்ட சரிபார்ப்புத்தொகை முரண்களைப் பதிவு செய்தது. ஒரே அமைப்பிலுள்ள வெவ்வேறு வட்டுகளில் தோன்றும் சிதைவுகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை அல்ல என்பது அவ்வாய்வின் மற்றொரு முடிவாகும். ஒரே மூல ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிய சுவடிகள் ஒரே பிழையைச் சுமப்பதுபோல, ஒரே சூழலில் இயங்கும் வட்டுகளும் சேர்ந்தே கெடக்கூடும். சுவடிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு பாடம் துணிதல் பொருந்தாது என்னும் பதிப்பியல் கொள்கை இங்கும் பொருந்துகிறது.

வன்தட்டு தன் ஒவ்வொரு பகுதிக்கும் பிழைதிருத்தக் குறியைத் தானே எழுதுகிறது. ஆயினும் தரவு வட்டை அடையும் முன்பே நினைவகத்திலோ கட்டுப்பாட்டுக் கருவியிலோ ஒரு பிட் திரிந்தால், திரிந்த தரவுக்கே வட்டு காப்புக்குறி எழுதும். எழுதியதாக அறிவித்துவிட்டு எழுதாமல் விடுதலும், உரிய இடம் விட்டு வேறிடத்தில் எழுதுதலும் நிகழக்கூடியவையே.

இத்தகைய திரிபு தமிழ்ப் பனுவலில் என்ன செய்யும்? யூனிகோடு அட்டவணையில் ர, ற, ல, ள, ழ, வ ஆகியவற்றின் எண்கள் முறையே 2992, 2993, 2994, 2995, 2996, 2997. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வோர் எழுத்தும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ‘ர’ எழுத்தின் மூன்றாம் பைட் 10110000. ‘ற’ எழுத்தின் மூன்றாம் பைட் 10110001. இரண்டுக்கும் வேறுபாடு ஒரு பிட்டே. ல–ள, ழ–வ, ந–ன (2984, 2985), ம–ய (2990, 2991) ஆகிய இணைகளும் அவ்வாறே ஒரு பிட்டால் வேறுபடுகின்றன. இவற்றால் நேரும் சொல் மாற்றங்கள் சில:

அறம் – அரம்
மறம் – மரம்
கலை – களை
வலி – வளி
ஆழி – ஆவி
மாது – யாது

ஒவ்வோர் இணையிலும் இரு சொற்களும் தமிழ்ச் சொற்களே. யூ.டி.எஃப்-8 முறையின் மூன்று பைட்டுகளிலுள்ள 24 பிட்டுகளில் 8 பிட்டுகள் பைட்டுகளின் அமைப்பை உணர்த்துபவை. அவற்றில் நேரும் கேடு பொதுவாக வெளிப்பட்டுவிடும். எஞ்சிய 16 பிட்டுகளில் நேரும் கேடு பல இடங்களில் முறையான மற்றோர் எழுத்தையே தரும். சொற்பிழை திருத்தியும் மேற்கண்ட மாற்றங்களைக் காணாது. ர–ற, ல–ள மயக்கங்கள் ஏடெழுதுவோரிடத்தும் நிகழ்ந்தவை ஆதலால், வருங்கால ஆய்வாளர் பொறியின் சிதைவைப் பாட வேறுபாடாகக் கொள்ளவும் கூடும். ‘அறம்’ என்றிருந்த பாடம் ‘அரம்’ எனக் கண்டால், அது சுவடியின் பாடமா, தட்டச்சின் பிழையா, வட்டின் திரிபா என்று பிரித்தறியும் வழி கோப்பிற்குள் இல்லை.

சுருக்கப்பட்ட கோப்புகளில் கேடு வேறு வகையாகத் தோன்றும். சுருக்குதல் என்பது இயல்பான மிகைமையை நீக்குதலே. ஆகவே சுருக்கப்படாத படத்தில் ஒரு புள்ளியோடு நின்றுவிடும் பிட் பிழை, ஜேபெக் படத்தில் தொடர்ந்து வரும் பகுதியையே குலைக்கக்கூடும்.

5. சான்று இருக்கவேண்டிய இடம்

தரவுத் தொகுதி ஒன்றிலிருந்து கணக்கிட்டுப் பெறும் குறுகிய எண்ணே சரிபார்ப்புத்தொகை ஆகும். வாசிக்கும்போது மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டால் திரிபு வெளிப்படும். அத்தொகையைத் தரவின் பக்கத்திலேயே எழுதிவைத்தால் ஒரு குறை நேரும். புதிய தரவை வட்டு எழுதாமலே விட்டிருந்தால், அவ்விடத்தில் பழைய தரவும் அதற்குப் பொருந்திய பழைய தொகையும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போவதால் சோதனை வெற்றி பெற்றதாகவே தோன்றும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரென்ஸ் முதலியோர் உருவாக்கி 2005-இல் திறந்த மூலமாக வெளிவந்த இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமை இக்குறையை நீக்கியது. அதில் ஒரு தொகுதியின் சரிபார்ப்புத்தொகை அத்தொகுதியில் இராது. அதனைச் சுட்டும் மேல்தொகுதியில் இருக்கும். மேல்தொகுதியின் தொகை அதற்கும் மேலுள்ளதில் இருக்கும். இவ்வாறு வேர்வரை தொடர்வதால் முழு அமைப்பும் ஒரு சான்றுத் தொடராகிறது.

அந்தாதித் தொடையை இதனோடு ஒப்பிடலாம். திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் அந்தாதியாக அமைந்துள்ளன. அடுத்த பாசுரத்தின் தொடக்கத்துக்கு உரிய சான்று முந்தைய பாசுரத்தின் இறுதியில் உள்ளமையால், இடையில் ஒன்று விடுபட்டாலோ வரிசை மாறினாலோ தொடர் அறுந்து காட்டிவிடும். சான்று தனக்கு வெளியே இருத்தல் என்னும் பண்பில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. பாசுரத்தின் இடையில் நேரும் எழுத்து மாற்றத்தை அந்தாதி காட்டாது. சரிபார்ப்புத்தொகை தொகுதி முழுவதையும் தழுவுவதால் அதனையும் காட்டும். ஒப்புமையின் எல்லை இதுவாகும்.

சான்று கிடைத்ததும் மிகைமை தன் முழு ஆற்றலைப் பெறுகிறது. இரண்டு படிகள் வேறுபட்டால், தொகையோடு ஒத்த படி மெய் எனக் கொள்ளப்பட்டு மற்றது திருத்தி எழுதப்படுகிறது. சமநிலை அமைப்பாயின், ஒவ்வொரு வட்டின் பங்கையும் ஐயத்திற்குரியதாகக் கொண்டு மீட்டுப்பார்த்து, தொகையோடு ஒத்த விடை ஏற்கப்படுகிறது. இடம் தெரியாத பிழை இடம் தெரிந்த இழப்பாக மாறிவிடுகிறது. ஒரே வட்டில் ஒரே படியாக உள்ள தரவில் இம்முறைமை கேட்டைக் காட்டுமே அன்றித் திருத்தாது. சான்று மட்டும் போதாது, மிகைமை மட்டும் போதாது, இரண்டும் வேண்டும்.

அன்றியும், வாசிக்கப்படாத தரவின் கேடு வெளிப்படாது. ஒரு படி கெட்டது தெரியாமலே மற்றப் படியும் கெட்டால் மீட்சி இல்லை. ஆகவே எல்லாத் தொகுதிகளையும் குறித்த கால இடைவெளியில் வாசித்துச் சோதித்தல் இம்முறைமையின் இன்றியமையாத செயலாக வைக்கப்பட்டுள்ளது.

6. படிகளா, குறிமுறையா?

மூன்று முழுப்படிகள் வைத்தால் இரண்டு இழப்புகளைத் தாங்கலாம். அதற்கு மும்மடங்கு இடம் வேண்டும். பத்துக்கு நான்கு என்னும் ரீட்–சாலமன் முறை 1.4 மடங்கு இடத்தில் நான்கு இழப்புகளைத் தாங்குகிறது. இச்சிக்கனத்திற்கு விலை உண்டு. தொலைந்த ஒரு துண்டை மீட்கப் பத்துத் துண்டுகளை வாசிக்கவேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2012-இல் வெளியிட்ட முறை, 12 தரவுத் துண்டுகளை இரு குழுக்களாக்கி, குழுவுக்கு ஒரு காப்புத் துண்டும் பொதுவாக இரண்டு காப்புத் துண்டுகளும் சேர்த்தது. இதில் ஒரு தரவுத் துண்டை மீட்க ஆறு துண்டுகளின் வாசிப்பே போதும். மொத்த இடம் 1.33 மடங்கு. இத்தகைய சிக்கனம் பெருநிறுவனங்களுக்கு உரியது. சிறு நூலகத்திற்கு எளிதில் ஆளத்தக்க முழுப்படிகளே பொருந்தும்.

7. தமிழ்ப் பனுவல் பாதுகாப்புக்கு இவற்றின் பயன்

என்.டி.எஃப்.எஸ்., எக்ஸ்ஃபேட், எக்ஸ்ட்4 ஆகிய பரவலான கோப்பு முறைமைகள் கோப்பின் உள்ளடக்கத்திற்குச் சரிபார்ப்புத்தொகை வைப்பதில்லை. ஆகவே புற வன்தட்டுகள் இரண்டில் படியெடுத்து அலமாரியில் வைக்கும் வழக்கம் இழப்பைத் தாங்கும்; பிழையைத் தாங்காது. மூலக்கோப்பு திரிந்தபின் எடுக்கும் ஒவ்வொரு படியும் அத்திரிபையே பரப்பும். மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் நெறிகள் பெறப்படுகின்றன.

1. சுவடி படமெடுக்கப்பட்ட அல்லது பாடம் தட்டச்சு செய்து சரிபார்க்கப்பட்ட நாளிலேயே ஒவ்வொரு கோப்பிற்கும் ஷா-256 போன்ற சரிபார்ப்புத்தொகை கணக்கிடப்பட வேண்டும். சான்று தரவு பிறக்கும் இடத்தில் பிறக்கவேண்டும்.

2. அத்தொகைகளின் பட்டியல் கோப்புகளோடும், அவற்றிலிருந்து விலகிய மற்றோரிடத்திலும் இருத்தல் வேண்டும். 2018-இல் ஆர்.எஃப்.சி. 8493 ஆவணமாக வெளிவந்த பேக்இட் பொதிமுறை இப்பட்டியலைத் தரவோடு இணைக்கும் ஒழுங்கைத் தருகிறது.

3. குறைந்தது மூன்று படிகள் வெவ்வேறு வகை வட்டுகளில், வெவ்வேறு ஊர்களில் இருத்தல் நன்று.

4. ஆண்டுக்கு ஒருமுறையேனும் எல்லாக் கோப்புகளையும் வாசித்துத் தொகைகளை ஒப்பிட்டு, கெட்ட படியை நல்ல படியைக் கொண்டு புதுப்பிக்க வேண்டும்.

5. வட்டு வரிசையின் மிகைமையைக் காப்புப்படியாகக் கொள்ளலாகாது. தவறுதலாக அழித்த கோப்பை வரிசையிலுள்ள எல்லா வட்டுகளும் ஒருங்கே அழித்துவிடும்.

6. மின்பதிப்பில் பாட வேறுபாடு காட்டும் ஆய்வாளர், தாம் பயன்படுத்திய மின்படியின் சரிபார்ப்புத்தொகையையும் குறித்தல் வேண்டும். எந்தச் சுவடியைப் பார்த்தோம் எனக் குறிப்பதற்கு இணையான பதிப்புக் கடமை இது.

முடிவுரை

புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை என்பதை நாம் அறிவோம். எண் வரிசை என்னும் சான்று நின்றமையால் அவ்விடங்கள் வெற்றிடங்களாகவே நிற்கின்றன. எஞ்சிய பாடல்களில் எந்தச் சொல் எப்போது திரிந்தது என்பதற்கு அத்தகைய சான்று இல்லாமையால் பதிப்பாசிரியர்கள் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிய வேண்டியிருந்தது. மின்னணுச் சேமிப்பில் அச்சான்றை ஒவ்வொரு கோப்பிற்கும் நாமே உருவாக்கிவைக்க இயலும். படிகளைப் பெருக்குதலோடு, பிழையை இழப்பாக மாற்றும் சான்றை வைத்தலும் அதனைக் காலந்தோறும் ஒப்பிட்டுப் பார்த்தலும் சேர்ந்தாலன்றிப் பனுவல் பாதுகாப்பு நிறைவுறாது என்பது இவ்வாய்வின் முடிவாகும்.